வெயில், வெக்கை, அனல், புழுக்கம்: கோடைத் தெருவில் எந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

கோடையில் ஒரே நாளில் மூன்று எண்கள் காதில் விழுகின்றன. வானிலை அறிக்கை 38 டிகிரி என்கிறது. கைபேசிச் செயலி "உணரப்படுவது 46" என்கிறது. நடுச்சாலையில் கருவியை நீட்டி 62 டிகிரி காட்டும் காணொளி எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. உடனே "அரசு குறைத்துச் சொல்கிறது", "செயலி மிகைப்படுத்துகிறது" என்று சண்டை தொடங்கிவிடும். மூன்றுமே சரியாக இருக்கலாம். ஒவ்வொன்றும் அளப்பது வேறு பொருளை.

இதைப் பிரித்துப் பார்க்கப் புதுக் கலைச்சொல் தேவையில்லை. பேச்சுத் தமிழிலேயே நான்கு சொற்கள் தயாராக இருக்கின்றன. நாம்தான் நான்கையும் "சூடு" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் அவற்றை இப்படிப் பயன்படுத்துவோம்.

1. வெயில்: சூரியனிலிருந்து நேரே வந்து விழும் கதிர். தெளிந்த வானில் உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். நிழலுக்குள் போனால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும்.
2. வெக்கை: சூடேறிய தரை, சுவர், தகரம் ஆகியவை வீசும் அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாது. நிழலிலும் சுடும், சூரியன் மறைந்த பிறகும் சுடும்.
3. அனல்: காற்றின் சூடு. செய்தியில் வரும் 38 டிகிரி இது மட்டும்தான்.
4. புழுக்கம்: காற்றில் உள்ள ஈரம். இது உடலுக்குச் சூட்டைத் தருவதில்லை. வியர்வை உலர விடாமல், உடலின் சூடு வெளியேறும் வழியை அடைக்கிறது.

## 38 டிகிரி எங்கே அளந்தது?

வானிலை நிலையத்து வெப்பமானி, பக்கங்களில் சாய்சட்டம் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்ததால் அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். பொதுவாகப் புல்தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் வைப்பார்கள். வெயிலையும் வெக்கையையும் விலக்கி, காற்றை மட்டும் உள்ளே விடுவதுதான் அதன் வேலை. இப்படி விலக்காவிட்டால் ஓர் ஊரின் அளவை இன்னோர் ஊருடன் ஒப்பிடவே முடியாது. வெயிலில் காட்டிய வெப்பமானி, தான் எவ்வளவு சூடானோம் என்பதைச் சொல்லுமே தவிர, காற்றின் சூட்டைச் சொல்லாது. குமிழ் கறுப்பாக இருந்தால் ஓர் எண் வரும், வெள்ளையாக இருந்தால் வேறு எண் வரும்.

காணொளியில் வரும் துப்பாக்கி வடிவக் கருவி மேற்பரப்பின் வெக்கையை அளக்கிறது. தார், சிமெண்ட், செங்கல் போன்ற சொரசொரப்பான பரப்புகளில் அதை ஓரளவு நம்பலாம். பளபளக்கும் உலோகத்தில் நம்பவே கூடாது. அந்தப் பரப்பு தன் வெக்கையைக் குறைவாக வீசி, வானத்தைக் கண்ணாடிபோல் காட்டும். கை வைக்க முடியாத தகட்டுக்குக் கருவி 30 டிகிரி என்று கூசாமல் சொல்லும். காரின் திரையில் தெரியும் எண்ணும் நெரிசலில் நிற்கும்போது சாலையின் சூட்டையும் இன்ஜின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். வண்டி சில நிமிடம் ஓடிய பிறகு பார்த்தால்தான் அதற்கு மதிப்பு.

"உணரப்படுவது 46" என்பது பெரும்பாலும் அனலையும் புழுக்கத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. பரவலாகப் புழங்கும் வெப்பக் குறியீடு, நீங்கள் நிழலில் நிற்பதாகவும் இளங்காற்று வீசுவதாகவும் எடுத்துக்கொள்கிறது. நேர் வெயிலில் நடப்பவருக்கு அதற்கு மேலும் 8 டிகிரி வரை கூடலாம்.

வெளியில் உழைப்பவர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் வேறொரு அளவு உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 70 விழுக்காடு, கறுப்பு வண்ணம் பூசிய செப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானியின் அளவில் 20 விழுக்காடு, சாதாரணக் காற்று வெப்பநிலையில் 10 விழுக்காடு. மூன்றையும் கூட்டினால் வருவதே அந்த எண். கவனியுங்கள்: தலைப்புச் செய்தியாகும் எண்ணுக்கு இதில் நேரடிப் பங்கு பத்தில் ஒன்றுதான். ஈரத்துணி அளவிலும் அனல் மறைமுகமாகக் கலந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் தெருவில் நடப்பவரின் உடம்புக்கு நெருக்கமான கணக்கு இதுவே.

## தார்ச்சாலை: வெக்கையின் அடுப்பு

புதிதாகப் போட்ட தார்ச்சாலை தன்மேல் விழும் வெயிலில் 5 முதல் 10 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்பும். தேய்ந்து சாம்பல் நிறமான பிறகு அது 10 முதல் 20 ஆகும். மீதி முழுவதும் உள்ளே போகிறது. அதனால்தான் காற்று 38 இருக்கும்போது தார்ப்பரப்பு 60ஐத் தாண்டுவது சாதாரணம்.

நாம் தார் என்று சொல்வது பெரும்பாலும் பிட்டுமன். அதற்கு உருகுநிலை என்று ஒன்று கிடையாது. மெல்ல மெல்ல இளகும். இளகும் அளவைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் ஓர் எளிய சோதனை இருக்கிறது. பித்தளை வளையத்துக்குள் பிட்டுமனை நிரப்பி, மேலே 3.5 கிராம் எஃகுக் குண்டை வைத்து, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் சூடேற்றுவார்கள். குண்டு 25 மில்லிமீட்டர் கீழே இறங்கும்போது உள்ள வெப்பநிலையே இளகுநிலை. வழக்கமான சாலைப் பிட்டுமன்களுக்கு இது 45 முதல் 55 டிகிரிக்குள் வரும்.

அப்படியானால் 60 டிகிரியில் சாலை ஏன் ஓடிவிடவில்லை? பாரத்தைத் தாங்குவது பெருமளவு ஜல்லி. பிட்டுமன் அதைப் பிடித்து வைக்கும் பசை. ஜல்லிகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் வரை சாலை நிற்கும். கோளாறு வரும் இடங்கள் இரண்டு.

கசிவு. கலவையில் பிட்டுமன் கூடிவிட்டாலோ, அது விரிய இடம் இல்லாவிட்டாலோ அது மேலே ஏறும். நல்ல கலவையில் 3 முதல் 5 விழுக்காடு காற்றிடம் விட்டிருப்பார்கள். அது இல்லாத இடத்தில் கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல் மின்னும் திட்டுகள் தெரியும். செருப்பில் ஒட்டுவது இதுதான். முதல் மழையில் வண்டி வழுக்குவதும் பெரும்பாலும் இந்தத் திட்டுகளில்தான், ஏனென்றால் சக்கரம் பிடிக்கவேண்டிய ஜல்லி முனைகள் தாருக்குள் மூழ்கிவிட்டன.

தடம் பதிதல். பேருந்து நிறுத்தத்திலும் சிக்னலிலும் சக்கரத்தடம் குழியாக இறங்கி, ஓரம் மேடாகப் பிதுங்கி நிற்பதைப் பார்க்கலாம். இருபது மீட்டர் தள்ளிப் போனால் அதே சாலை தட்டையாக இருக்கும். அதே தார், அதே பேருந்து. வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடும் சக்கரம் ஒரு புள்ளியை அழுத்துவது ஏறத்தாழ 0.02 நொடி. நிறுத்தத்தில் 30 நொடி நின்றால் அது 1500 மடங்கு. இளகிய பிட்டுமன் நொடிப்பொழுது அழுத்தத்துக்கு ரப்பர்போல் திமிறும், நீண்ட அழுத்தத்துக்குக் களிபோல் விலகிக்கொடுக்கும். அதனால் நிறுத்தங்களில் மட்டும் கான்கிரீட் தளம் போடுவது வீண்செலவு அல்ல.

நாயை நடக்க விடும் முன்பும், வெறுங்காலோடு குழந்தையை இறக்கும் முன்பும் புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். ஏழு நொடி தாங்க முடியாவிட்டால் அந்தப் பாதங்களுக்கும் அது ஆகாது.

## கானல் நீர் எத்தனை மீட்டரில்?

சாலையில் தூரத்தே தண்ணீர் தேங்கியதுபோல் தெரிவது வானம். சூடான தரையை ஒட்டிய காற்று அடர்த்தி குறைந்தது. மேலிருந்து சாய்வாக வரும் ஒளி அந்த அடுக்கில் வளைந்து மேலே திரும்பிவிடுகிறது. தரையிலிருந்து வரும் ஒளி என்று கண் கணக்குப் போட, சாலையில் வானத்தின் ஒரு துண்டு கிடக்கிறது.

வளையும் அளவு மிகச் சிறியது. தரைக்காற்றுக்கும் கண்ணருகே உள்ள காற்றுக்கும் 30 டிகிரி வேறுபாடு இருந்தால், ஏறத்தாழ 0.4 டிகிரிக்குக் குறைவான சாய்வில் வரும் ஒளி மட்டுமே திரும்பும். ஆகவே 1.5 மீட்டர் உயரக் கண்ணுக்கு அந்தக் 'குளம்' 200 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். நெருங்க நெருங்க அது விலகிப்போவதன் காரணமும் இதுவே. கைபேசியை அரை மீட்டர் உயரத்துக்கு இறக்கிப் படம் எடுத்தால் 70 மீட்டரிலேயே சிக்கும். இதற்குக் கடும் கோடை வேண்டும் என்பதில்லை, தரைக்கும் காற்றுக்கும் இடையே வேறுபாடு இருந்தால் போதும்.

## நிழல்கள் எல்லாம் ஒரு நிழல் அல்ல

நிழல் வெயிலை நிறுத்தும். வெக்கையை நிறுத்துமா என்பது நிழல் தருவது எது என்பதைப் பொறுத்தது.

தகரக் கூரை போட்ட நிறுத்தத்தின் கீழ் நின்றால் தலையுச்சி காந்துவதைக் கவனித்திருப்பீர்கள். 60 டிகிரியில் உள்ள பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 700 வாட் அகச்சிவப்பை வீசுகிறது. 35 டிகிரியில் உள்ள இலை வீசுவது 510. தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 190 வாட் வேறுபாடு. வெப்பமானியை இரண்டு இடத்திலும் காட்டினால் காற்றின் சூடு ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். உடம்புக்கு மட்டும் தெரியும். தகரத்துக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு தடுப்பு கட்டி, இடையில் காற்று ஓட வழிவிட்டால் இந்த வெக்கை பெருமளவு குறையும். செலவு சிறிது, ஆனால் கட்டுபவர்கள் யாரும் அங்கே நின்று பேருந்துக்குக் காத்திருப்பதில்லை போலும்.

அடர்ந்த மரத்தின் கீழ் வெயிலில் 10 முதல் 30 விழுக்காடுதான் தரைக்கு வருகிறது. நிழல் விழுந்த பரப்பு, வெயிலில் கிடக்கும் பரப்பைவிட 11 முதல் 25 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். இலை ஏன் தகரம்போல் சூடாவதில்லை? அது வியர்க்கிறது. வேருக்கு நீர் கிடைக்கும் பெரிய மரம் ஒரு நாளில் 100 லிட்டர் நீரை ஆவியாக்கினால், அதற்குப் பிடிக்கும் வெப்பம் ஏறத்தாழ 68 கிலோவாட் மணி. ஒன்றரை டன் ஏசி ஒன்று முழு வேகத்தில் 13 மணிநேரம் வெளியேற்றும் வெப்பம் அது.

இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொண்டு "ஒரு மரம் ஓர் ஏசிக்குச் சமம்" என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. ஏசி குளிர்விப்பது அடைத்த அறையை. மரம் குளிர்விக்கும் காற்று அடுத்த நொடியே தெருவில் கலந்து போய்விடும். தனி மரம் ஒன்று காற்றின் வெப்பநிலையைக் குறைப்பது பெரும்பாலும் ஒரு டிகிரி அளவுக்குத்தான். அது தரும் பெரிய உதவி, வெயிலையும் வெக்கையையும் ஒருசேர மறைப்பது. நீர் இல்லாமல் காய்ந்த மரமும் வியர்ப்பதை நிறுத்திவிடும், இலைத்துளைகளை மூடிக்கொள்ளும்.

குடை வெயிலை மறைக்கும், கீழிருந்து வரும் வெக்கையை மறைக்காது. வெளிப்புறம் வெள்ளிப்பூச்சு உள்ள குடை, கறுப்புத் துணிக் குடையைவிடக் குறைவாகச் சூடாகும்.

இருக்கைகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரே வெயிலில் கிடந்து ஒரே 55 டிகிரிக்கு வந்த மரப்பலகையும் இரும்புப் பலகையும் தோலுக்கு ஒன்றல்ல. இரும்பு வெப்பத்தை மரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். தோல் தொட்ட இடம் குளிர்ந்தவுடன் பக்கத்திலிருந்து புதுச் சூடு ஓடிவந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

## எந்தப் பக்கம் நடப்பது?

வடக்கு–தெற்காக ஓடும் தெருவில் விதி எளிது: சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்க நடைபாதையில் நடக்கவேண்டும். கேட்க முரணாக இருக்கும். ஆனால் காலையில் கிழக்கே உள்ள கட்டிடங்களின் நிழல் அவற்றின் காலடியில்தான் முதலில் விழும்; பிற்பகலில் மேற்கு வரிசைக்கு அதே கதை. கிழக்கு–மேற்குத் தெருவில் இந்த வசதி இல்லை. கோடையில் சூரியன் தலைக்கு நேர் மேலாகப் போகும் வெப்ப மண்டல ஊர்களில், அந்தத் தெருவின் நெடுக்கிலேயே வெயில் பயணம் செய்யும். அங்கே மரமும் பந்தலும்தான் கதி.

உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்கு மேலே இருக்கிறது, புற ஊதாக் கதிரும் கடுமையாக இருக்கிறது. ஆனால் அனலின் உச்சம் அப்போது அல்ல. உச்சிப்பொழுதுக்குப் பிறகும் தரை வாங்கும் வெப்பம் விடும் வெப்பத்தைவிடக் கூடுதலாகவே இருப்பதால், காற்று பிற்பகல் 2 முதல் 4 மணிக்குள்தான் உச்சம் தொடுகிறது. வெயிலின் உச்சமும் அனலின் உச்சமும் இரண்டு வெவ்வேறு நேரம்.

வெள்ளைச் சுவர் கட்டிடத்துக்கு நல்லது, ஆனால் எதிரே நடப்பவர் மேல் வெயிலைத் திருப்பி அடிக்கும். வளைந்த கண்ணாடிச் சுவர் இன்னும் மோசம். 2013இல் லண்டனில் உள்குழிந்த முகப்புள்ள உயர் கட்டிடம் ஒன்று ஒளியைக் குவித்து, கீழே நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கியே விட்டது.

## மேலே பார்த்தால்: மின்கம்பி

காலையில் விறைப்பாக இருந்த கம்பி பிற்பகலில் தொங்குவது பிரமை அல்ல. 50 மீட்டர் இடைவெளியில் அரை மீட்டர் தொய்வோடு கட்டிய அலுமினியக் கம்பி 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் நீளம் கூடுவது 35 மில்லிமீட்டர்தான், மூன்று விரற்கடைகூட இல்லை. ஆனால் தொய்வு அரை மீட்டரிலிருந்து ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் ஆகிவிடும். இழுவிசை தளரும்போது கம்பி சற்றுச் சுருங்குவதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். போதாக்குறைக்கு, எல்லா ஏசியும் ஓடும் நேரத்தில் கம்பிக்குள் ஓடும் மின்சாரமும் அதைச் சூடாக்குகிறது. கோடையில் கம்பியில் கிளை உரசித் தீப்பொறி பறப்பதன் பின்னே இந்தச் சில சென்டிமீட்டர்கள் இருக்கின்றன.

பாலத்தில் வண்டி ஏறும்போது 'டக்' என்று ஒலிக்கும் இடைவெளியும் இதே கணக்கு: 30 மீட்டர் கான்கிரீட் தளம் 30 டிகிரிக்கு 10 மில்லிமீட்டர் நீளும்.

## சந்துக்குள் ஏசி

ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து 5.3 கிலோவாட் வெப்பத்தை எடுத்து, தான் தின்னும் 1.5 கிலோவாட்டையும் சேர்த்து, ஏறத்தாழ 7 கிலோவாட்டை வெளியே தள்ளுகிறது. மூன்று மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் உள்ள சந்தில் இருபது வெளி யூனிட்கள் முழு வேகத்தில் ஓடினால் 140 கிலோவாட். அந்தச் சந்தின் தரையில் நேர் வெயில் முழுமையாக விழுந்தாலே 120 கிலோவாட்தான். இதில் அறையிலிருந்து எடுத்த வெப்பத்தில் பெரும்பகுதி எப்படியும் ஒருநாள் வெளியே வரவேண்டியதே. உண்மையான கூடுதல் என்பது மின்சாரத்தின் பங்கு. ஆனால் அது எல்லாம் ஒரே நேரத்தில், நடப்பவர் முகத்துக்கு நேரே வருகிறது.

ஏசியின் வடிகுழாயில் சொட்டும் நீர் புழுக்கத்தைச் சொல்லும் இலவசக் கருவி. அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுருளில் படிந்து வழிவதே அது. புழுக்கமான நாளில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடக் கொட்டும். வறண்ட அனல் நாளில் குழாய் அநேகமாகக் காய்ந்து கிடக்கும்.

## புழுக்கம்: வியர்வை வேலை செய்யாதபோது

சாதாரணமாக நடப்பவர் உடல் 250 முதல் 300 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. தோல் ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் வெப்பம் வெளியேற இருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் முழுமையாக ஆவியானால் 2.4 மெகாஜூல் போகும். கணக்குப் போட்டால், வெயிலின் பங்கும் சேர்ந்து, மணிக்கு அரை லிட்டருக்கு மேல் ஆவியாகவேண்டும். தரையில் சொட்டிய வியர்வை கணக்கில் வராது. அது உடலைக் குளிர்விக்காமலே போன நீர். வறண்ட அனலில் வியர்வை தெரியாமலே உலர்வதால் நீரிழப்பைக் கவனிக்கத் தவறுகிறோம்.

விசிறிக்கும் எல்லை உண்டு. காற்று 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடலைக் குளிர்விப்பதைவிடச் சூடாக்கவே செய்யும் என்பதால், அதற்குக் கீழே மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. தோலை நனைத்துக்கொண்டால் வேறு கதை.

சாலையில் நீர் தெளிப்பதும் இப்படித்தான். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தெளித்தால் அது ஆவியாக எடுக்கும் வெப்பம் நேர் வெயிலின் 40 நிமிடத்துக்குச் சமம். வெக்கை குறையும், புழுக்கம் கூடும். காற்றோடும் வறண்ட தெருவில் அது லாபம். காற்று நின்றுபோன ஈரமான சந்தில் நட்டம்.

## இரவு ஒன்பது மணிச் சுவர்

நகர்ப்புற வெப்பத் தீவு, அதாவது சுற்றுப்புற ஊர்களைவிட நகரம் சூடாக இருப்பது, பகலைவிட இரவில் துலக்கமாகத் தெரியும் ஒன்று. வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் அளவுகளைச் சுற்றுப்புற ஊர்களோடு ஒப்பிட்டபோதே, நகரம் இரவில் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் கூடுதலாகவும் பகலில் ஏறக்குறைய சமமாகவும் இருப்பதைக் கண்டார். அப்போது ஏசியும் கிடையாது, தார்ச்சாலையும் கிடையாது.

காரணம் இரண்டு. ஒன்று, சுவர்கள் வெப்பத்தைச் சேமிக்கின்றன. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் வெளிப்புறச் சூடு உட்புறம் வந்து சேர 6 முதல் 8 மணிநேரம் பிடிக்கும். பிற்பகல் 2 மணி வெயில் இரவு 9 மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறது. இரண்டு, தரை குளிர்வதற்கு வானம் தெரியவேண்டும். திறந்த வெளி தன் வெக்கையை நேரே வானுக்கு அனுப்பிவிடும். குறுகிய தெருவில் ஒரு சுவர் வீசியதை எதிர்ச்சுவர் வாங்கித் திருப்பித் தரும். பகலில் நிழல் தந்து உதவிய அதே குறுகலான தெரு, இரவில் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது.

இரவு உணவுக்குப் பின் உலாவப் போகிறவர்கள் மேற்குப் பார்த்த சுவரிலிருந்து ஒரு கை தள்ளி நின்று, கன்னத்தை அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கலாம். வெயில் போய் மூன்று மணிநேரம் ஆகியிருக்கும். அனலும் தணிந்திருக்கும். கன்னத்தில் படுவது வெக்கை மட்டுமே. எதிர்வரிசை நடைபாதைக்கு மாறினால், கிழக்குப் பார்த்த அந்தச் சுவர்கள் நண்பகலுக்குப் பிறகு நேர் வெயில் பார்க்காதவை.